கையைத் திருப்பச் சொன்னவன்

"உட்காரும்மா" என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அவள் உட்காரவில்லை.

அவளுடைய வீடு அது. வீட்டில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றைத் துண்டால் துடைத்து எனக்குப் போட்டிருந்தாள். இன்னொன்று காலியாகத்தான் கிடந்தது. நாற்பதைத் தொடப்போகிற பெண், சுவரில் சாயக்கூட இல்லாமல், கேள்வி கேட்டு எழுப்பிவிடப்பட்ட பிள்ளை மாதிரி கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"பரவால்ல சார். நான் நின்னுக்கிடுகேன். நீங்க இரிங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் மரியாதை மாறவில்லையே என்று மனம் குளிர்ந்துபோனது. என் சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் அவளிடம் கையெழுத்து வாங்கத்தான் போயிருந்தேன். இப்படி நிற்கிறவளிடம் கையெழுத்து வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பெயர் சுயம்புகனி. என் மாணவி.

ரெண்டு சார்

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். விடியுமுன் வடசேரியில் பஸ் பிடித்து மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது, லீவு நாளிலும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தது, கணக்கில் யாரையும் தோற்க விடாதது, இப்படி. படித்துவிட்டுப் போன் செய்கிற பழைய மாணவர்கள் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். "சார், பெரம்பப் பத்தி ஒண்ணுமே எழுதல்லியே?" கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ரெண்டு சார்'. என்ன தப்பு செய்தாலும் என்னிடம் இரண்டு அடி. மூன்று கிடையாது, ஒன்றோடு விடுவதும் கிடையாது. வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கும் இரண்டு, பக்கத்துப் பையனின் மண்டையை உடைத்தவனுக்கும் இரண்டு. பட்டப்பெயர் எனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி இருந்துகொண்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பாரபட்சம் இல்லாத மனிதன் என்று அர்த்தமாம்.

பிரம்புக்கு அங்கே பஞ்சமில்லை. மேற்கே அதைச் சூரல் என்பார்கள், மலையில் வளர்வது. ஒன்று முறிந்தால் மறுநாள் காலை மேசைமேல் இன்னொன்று இருக்கும். அடி வாங்குகிற பிள்ளைகளேதான் கொண்டுவருவார்கள். முள் சீவி, எண்ணெய் தடவி, கைப்பிடிக்குத் துணி சுற்றிக் கொண்டுவருவார்கள். நல்ல சூரல் கொண்டுவந்தவனைத் தட்டிக்கொடுத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அவனுக்கும் இரண்டு விழுந்திருக்கும்.

பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சேர்க்க வருகிற அன்றைக்கே, "கண்ண மட்டும் விட்டிருங்க சார், மிச்சம் உங்க பாடு" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அதை நம்பிக்கையில் சொன்னார்களா, என்னைப் பார்த்த பயத்தில் சொன்னார்களா என்று நான் யோசித்ததில்லை. அனுமதி கிடைத்துவிட்ட பிறகு யோசனை எதற்கு?

நானும் வாங்கி வளர்ந்தவன்தான். நாகர்கோவிலில் நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் காதைத் திருகி, திருகின காதைப் பிடித்தபடியே வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். அவரால்தான் எனக்கு அல்ஜீப்ரா வந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அல்ஜீப்ரா எனக்கு வந்தது என் அக்காவால். சாயங்காலம் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே சொல்லித் தருவாள். தரையில் ஈரக்கையால் எழுதிக் காட்டுவாள், அது காய்வதற்குள் நான் விடை சொல்ல வேண்டும். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் மேடை ஏறினால் அக்கா என் வாயில் வரமாட்டாள், காதைத் திருகினவர்தான் வருவார். ஏன் அப்படி என்று இந்த வயதில்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டோம். நான் பிரம்பை பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட ஒளித்தேன் என்பதுதான் சரி. தேவைப்பட்டால் எட்டி எடுக்கிற தூரத்தில்தான் இருந்தது.

தாளாளர் வீட்டில்

இந்த வருஷம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பள்ளியின் தாளாளரிடமிருந்து போன் வந்தது. ஓர் உதவி, வீட்டுக்கு வர முடியுமா என்றார். நான் வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. இன்னும் என்னைத் தேடுகிறார்களே என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

விஷயம் இதுதான். ஏழாம் வகுப்பில் அபிஷா என்று ஒரு பெண். அறிவியல் எடுக்கிற ஷீபா டீச்சர், நோட்டு கொண்டுவராத பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மர ஸ்கேலால் கையில் அடித்திருக்கிறார். அபிஷாவின் முறை வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. "பிள்ளையள அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்துவிட்டது. டீச்சருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. நோட்டுக்கு ஒரு அடி என்றால் சட்டத்துக்கு நாலைந்து. கையை நீட்டாததால் ஸ்கேல் தோளிலும் முழங்கையிலும் பட்டுத் தடித்துவிட்டது.

அம்மா கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். மகள் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். டீச்சர் செய்தது தப்பு என்று வகுப்பில் வைத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் வருகிறேன் என்று பிடிவாதம்.

"அம்மை பேரு சுயம்புகனி. உங்க ஸ்டூடண்ட்தான் சார். நீங்க ஒரு நடை போய்ச் சொன்னா கேட்டுக்கிடுவா. வாத்தியார் வீடு தேடி வந்தா நம்ம ஊர்ல யாரு சார் மறுத்துப் பேசுவா?" என்றார் தாளாளர்.

ஷீபா டீச்சரும் அங்கே இருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. தற்காலிக வேலை. இரண்டு பிரிவுகளை ஒரே அறையில் அடைத்து அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"அடிக்காம எப்படி சார் நடத்துகது?" என்று என்னிடம் கேட்டார். "சத்தம் போட்டா சிரிக்குதுவோ. வெளிய நிப்பாட்டினா அதுவும் குத்தம். மார்க்கு கொறஞ்சா என்னையத்தான் கேக்காவ. நீங்கல்லாம் எப்படி சார் சமாளிச்சிய?"

நான் எப்படிச் சமாளித்தேன் என்பது ஊருக்கே தெரியும். அவர் கேட்டது பதிலுக்கு இல்லை, துணைக்கு. அவர் கஷ்டம் நிஜமான கஷ்டம்தான். அதற்கு நான் ஏதாவது வழி சொல்லியிருக்கலாம், ஈரக்கையால் தரையில் எழுதிக் காட்டின அக்காவைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "அந்தக் காலத்துல அடி வாங்கினவங்கதான் இன்னைக்கு நல்ல நெலமையில இருக்காங்க" என்றேன். எத்தனையோ மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கின வாக்கியம். அடி வாங்கி, நல்ல நிலைமைக்கு வராமல் போனவர்கள் பழைய மாணவர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தாளாளர் கடிதத்தைத் தயாராக டைப் செய்து வைத்திருந்தார். புகாரை முழுமனதோடு திரும்பப் பெறுகிறேன், யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று நாலு வரி. கீழே கையெழுத்துக்கு இடம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மழை நாளில் மட்டும்

சுயம்புகனி என்ற பெயர் நினைவில்லை என்று தாளாளரிடம் சொன்னேன். பொய். கேட்ட மாத்திரத்தில் நினைவு வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் தினமும் தாமதமாக வருகிற பிள்ளை. முதல் பீரியட் பாதி முடிந்த பிறகுதான் வாசலில் தலை தெரியும். முடி கலைந்து, பாவாடை ஓரம் நனைந்து, கிட்டே வந்தால் ஒட்டுப்பால் நாற்றம் வீசும். ரப்பர் மரத்தின் வெட்டிலும் பால் வடிகிற சிரட்டையிலும் ஒட்டி உறைந்து கிடக்கிற பாலுக்கு ஒட்டுப்பால் என்று பெயர். நாலு நாள் கழிந்தால் அதன் பக்கத்தில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. அவள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் முனகுவார்கள்.

ஏன் லேட் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். வாய் திறக்க மாட்டாள். இரண்டு.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மழை பெய்கிற அன்றைக்கு மட்டும் அவள் மணியடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பாள். மற்ற பிள்ளைகள் மழையைச் சாக்கு வைத்து லேட்டாக வருவார்கள், இவள் வெயில் அடித்தால் லேட். எனக்கு அது அப்பட்டமான திமிராகப் பட்டது. "மழையில வரத் தெரியுது, வெயில்ல வரத் தெரியாதா பிள்ளே?" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறேன்.

ஒருநாள் அவள் நீட்டின உள்ளங்கையில் மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் இருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெளுத்துக் கிடந்தது. காய்ந்த ரப்பர் பால். அடி உறைக்காமல் இருக்கக் கையில் எதையாவது தேய்த்துக்கொண்டு வருவது பிள்ளைகளின் தந்திரம். வெங்காயம் தேய்த்தவனையும் வேப்பெண்ணெய் தேய்த்தவனையும் நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். இவள் ரப்பர் பாலையே பூசிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"கையைத் திருப்பு" என்றேன்.

புறங்கையில், விரல் முட்டிகளில் அடித்தேன். அன்றைக்கும் இரண்டுதான். வழக்கத்தை மாற்றவில்லை. மறுநாளும் படலம் இருந்தது, மறுநாளும் திருப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் வந்து நின்றதும் அவளே புறங்கையை மேலே வைத்து நீட்டிவிடுவாள். தப்பை உணர்ந்துவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று நான் விசாரிக்கவில்லை. பதிவேட்டில் பெயரை அடித்தேன், அவ்வளவுதான்.

கட்டன் சாயா

அந்தச் சுயம்புகனிதான் இப்போது எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவளுக்கு ரப்பர் வெட்டுத்தான் வேலை, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. புருஷன் வெளிநாட்டில் எங்கோ கட்டட வேலையில்.

"சாயா குடியுங்க சார். பாலு இல்ல, கட்டன்தான். சீனி மதியா?"

"போதும்மா, போதும்."

உள்ளறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இரட்டைச் சடை. முழங்கைக்கு மேலே தடிப்பு நீலம் பாரித்து, மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"அம்மை, இவியதான் கணக்கு சாரா?"

"ஏட்டி, உள்ள போ. சார்கிட்ட என்ன பேச்சு?"

"இருக்கட்டும், வா மக்கா" என்றேன், பெருந்தன்மையாக. "என்ன கேக்கணும்? கேளு."

"பிள்ளையள அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா சார். அது எங்க ஸ்கூலுக்கும் உண்டுமா?"

"அதெல்லாம் பெரியவங்க பாத்துக்கிடுவோம். நீ படிக்கிற வழியப் பாரு."

"பெரியவங்கதான சார் அடிச்சது?"

சுயம்புகனி அவளை அதட்டி உள்ளே விரட்டினாள். என் முகம் சிவந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த காரியத்தை எடுத்தேன். டீச்சர் சின்னப் பெண், வேலை போய்விடும், இனிமேல்தான் கல்யாணம் ஆக வேண்டும் என்றேன். உன் மகளும் அதே ஸ்கூலில்தானே படித்தாக வேண்டும், நாளைக்கு ஒரு டீச்சரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களே, யோசித்தாயா என்றேன். அக்கறையோடு சொல்வதாகத்தான் நினைத்தேன். நின்றுகொண்டு கேட்டவளுக்கு அது மிரட்டலாக விழுந்திருக்கும். இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கும் மிரட்டலாகத்தான் தெரிகிறது.

"டீச்சருக்கு வேல போணும்னு நாங்க நெனைக்கல்ல சார்" என்றாள் மெதுவாக. "செஞ்சது தப்புன்னு கிளாஸ்ல வச்சு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பிள்ள அத மட்டும்தான் கேக்கா."

"அத நான் சொல்லச் சொல்லுகேன். அது என் பொறுப்பு."

"சார் சொன்னா சரி."

நான் தாளை விரித்து, பேனாவை மூடி கழற்றி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஒரு நிமிசம் சார். கை இப்படி இருக்கு, தாளு அழுக்காயிரும்."

கையைத் திருப்பி உள்ளங்கையில் பெருவிரலால் தேய்த்தாள். காய்ந்த ரப்பர் பால் சுருண்டு சுருண்டு, மெல்லிய தோலாக உரிந்து வந்தது. விரல் இடுக்குகளில் நகத்தால் சுரண்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

"தெனமும் இப்படியாம்மா?" என்று கேட்டேன்.

"வெட்டு உள்ள நாளெல்லாம் இப்படித்தான் சார். மழைன்னா வெட்டு கிடையாதுல்லா, அன்னைக்குக் கை சுத்தமா இருக்கும்."

நான் வயல் பக்கத்துக்காரன். எங்களுக்கு மழை பெய்தால்தான் வேலை தொடங்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், அதே ஜில்லாவில், மழை பெய்தால் வேலை நின்றுபோகும் என்பது இருபது வருஷத்துக்கு மேல் அங்கே சம்பளம் வாங்கின எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியவில்லை என்பதைவிட, கேட்கவில்லை. வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. எந்த நாளில் நேரத்துக்கு வருகிறாள், எந்த நாளில் லேட் என்று பார்த்து அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று யோசிப்பதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு.

"அப்போ நீ படிக்கும்போதும்..."

"ஆமா சார். அம்மைக்கு எளப்பு. மரத்த வெட்டீருவா, பாலு எடுத்துச் சொமக்க ஏலாது, மூச்சு முட்டும். நான்தான் செரட்டையில இருந்து எடுத்து வாளியில ஊத்தி, கொண்டு வச்சிட்டு ஓடி வருவேன்."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சின்னப் பிள்ளையள தோட்டத்துல வேலைக்கு விடப்பிடாதுல்லா சார். வெளிய தெரிஞ்சா அம்மைய நிப்பாட்டீருவாவ. ஸ்கூல்ல மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா." விரல் இடுக்கைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "அடி ஒறைக்கக் கூடாதுன்னு பாலத் தேச்சிட்டு வாறேன்னுதான் நீங்க நெனச்சிய. எனக்குத் தெரியும் சார். நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும், அம்மை பேரு வெளிய வராம இருந்தா மதின்னு விட்டுட்டேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய ஊர்க்கதை ஒன்றைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என் மனசில் ஓடினது தெரிந்திருக்கிறது. அவள் மனசில் இருந்ததில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு புடவையில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தப்பில்லாத, அழகான கையெழுத்து.

இந்த இடத்தில் நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கிழிக்கவில்லை. தெரிந்த பிறகும், எல்லாம் தெரிந்த பிறகும், அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயாவின் மிச்சத்தையும் குடித்துவிட்டு, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மன்னிப்பு என்கிற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. அதைப் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பொன்னாடை

கடிதத்தைக் கொடுக்கும்போது, டீச்சர் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது என்று தாளாளரிடம் இழுத்தேன். "லெட்டர்தான் வந்தாச்சே சார், இனி அது எதுக்கு?" என்று சிரித்தார். காபி வந்தது. குடித்தேன். வாக்குக் கொடுத்த பொறுப்பு அந்தக் காபியோடு முடிந்தது.

அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் விசாரணைக்கு வந்தார். நானும் வர வேண்டும் என்றார்கள். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். 'அந்தக் கடிதத்தை நான் போய் வற்புறுத்தி வாங்கினேன், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.' அவ்வளவுதான். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் அறையில் எனக்கு மெத்தை வைத்த நாற்காலி. தாளாளர், ஷீபா டீச்சர், வந்திருந்த அம்மாள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுயம்புகனியும் மகளும் நின்றார்கள்.

"யாராவது கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினாங்களாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார். நல்ல மனுஷி. பதில் வரும்வரை காத்திருந்தார்.

"இல்ல மேடம். கணக்கு சார் வீட்டுக்கு வந்து நல்லதுதான் சொன்னாவ."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "இந்த மாதிரிப் பெரியவங்க இருந்தாப் பாதிப் பிரச்சினை வராது" என்றார்.

பிறகு அபிஷாவைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்லணுமா கண்ணு?" என்று கேட்டார்.

அபிஷா அவரைப் பார்க்கவில்லை. ஷீபா டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சார் பொறுப்பு ஏற்றிருக்கிறார், டீச்சர் சொல்லுவார் என்று அம்மா சொல்லித்தான் கூட்டி வந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றாள். மனப்பாடம் செய்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. இருமினேன். மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

தாளாளருக்குப் பயந்து அல்ல. அவர் என்னை என்ன செய்துவிட முடியும்? அந்த அறையில் எனக்கு இருந்த மரியாதை, அந்தக் கும்பிடு, அது போய்விடுமே என்றுதான். அறுபத்தெட்டு வயதில், மெத்தை நாற்காலிக்காக ஒரு பிள்ளையைக் கைவிட்டேன்.

"இல்ல மேடம்" என்றாள் அபிஷா.

கோப்பு மூடப்பட்டது. தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். ஷீபா டீச்சர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நல்லா இருங்கம்மா என்றேன். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் சுயம்புகனி, "சார் தனியா போகாண்டாம், பிள்ள பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவா" என்று மகளை அனுப்பினாள். அபிஷா என் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். அன்றைக்குக் கேள்விமேல் கேள்வி கேட்டவள், இன்றைக்கு ரோட்டில் கிடந்த கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தாள். சாப்பாட்டு நேரம். மைதானத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாரும் இல்லை. அது எனக்குத் தைரியம் தந்தது.

"மக்கா, தப்பு என்மேலதான்" என்றேன். "டீச்சர சொல்ல வைக்கேன்னு அம்மைகிட்ட வாக்குக் குடுத்தேன், செய்யல்ல. அவங்க ஒன்ன அடிச்சதும் தப்பு. நான் ஒங்கம்மைய அடிச்சதும் தப்பு. பெரிய தப்பு."

சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது. இதைச் சொல்லவே எத்தனை காலம் ஆகியிருக்கிறது என்று என்மீதே ஓர் இரக்கம்.

அபிஷா பையை என் கையில் கொடுத்தாள். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை.

"இத அங்க வச்சுல்லா சார் சொல்லியிருக்கணும்" என்றாள்.

பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கல்வி அலுவலகத்து அம்மாளின் கார் வாசலில் இன்னும் நின்றது. திரும்பி நடந்திருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் பஸ் ஏறினேன்.